சிவக்காத மீன்கள்

ஜனவரி 9
இளைய ஓரகத்தி மூத்தவளுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுவது. நானும் உங்கள் கொழுந்தனாரும் இங்கே சௌக்கியம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. மாடிப்படி ஏறும்போதெல்லாம் படியைத் திட்டுவதா என்னைத் திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் திட்டுகிறார். உங்களுக்கு ரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறீர்களா? மகள் வயிற்றுப் பேத்தி இந்நேரம் தவழ ஆரம்பித்திருப்பாளே.

போனில் பேசலாம் என்று பல தடவை அடித்துப் பார்த்தேன். உங்கள் மகன்தான் எடுக்கிறான். "அம்மா குளிக்கிறாங்க சித்தி" என்கிறான். காலையில் அடித்தாலும் குளிக்கிறீர்கள், மத்தியானம் அடித்தாலும் குளிக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நல்ல சேதி ஒன்று. எங்கள் மகனுக்குப் பெண் முடிவாகிவிட்டது. ஏப்ரல் கடைசியில் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். ஹாலில் வாசலுக்கு நேராகப் பெரியவர் செய்த மீன்தொட்டி இருக்கிறது. அதை நான் எடுத்து வந்ததில் உங்களுக்கு வருத்தம் இருக்கும், தெரியும். நீங்கள் மகள் பிரசவத்துக்கும் உங்கள் மகன் அலுவலக வேலையாக வெளியூருக்கும் போயிருந்த நேரத்தில் எங்களுக்கு மாற்றல் வந்தது. வாசலில் லாரி நிற்கிறது. கேட்க எங்கே நேரம்? தம்பிக்கும் அண்ணன் ஞாபகமாக ஒரு பொருள் வேண்டாமா?

இப்போது சங்கடம் என்னவென்றால், தொட்டி இருக்கிறது, மீன் இல்லை. கடையில் வாங்கி விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே மிதந்துவிட்டது. பெண்ணின் அம்மாவிடம் நானும் வாய் சும்மா இருக்காமல், "எங்க வீட்டுத் தொட்டியில செக்கச்செவேல்னு கூட்டமா நீந்தும், வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டேன். நம் பழைய வீட்டு ஞாபகத்தில் வந்துவிட்டது.

உங்கள் டப்பில் அந்தச் சிவப்புக் கெண்டைகள், கடைக்காரர்கள் செர்ரி பார்ப் என்பார்களே, அவை பெருகியிருப்பதாகக் கேள்வி. கொஞ்சம் கொடுத்து உதவ வேண்டும். குடும்ப மானம் உங்கள் கையில்.

உங்கள் அன்பை நாடும்,
சின்னவள்


பிப்ரவரி 20
மூத்தவள் இளையவளுக்கு

சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத நாளாகிவிட்டது. குளித்துக்கொண்டிருந்தேன்.

நான் நலம். மாத்திரை சாப்பிடுகிறேன். நீ எழுதினால் மட்டும் ஒன்று கூடுதலாகச் சாப்பிட வேண்டியிருக்கிறது. பேத்தி தவழ்கிறாள், கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறாள். கேட்காமல் எடுப்பது அந்த வயதுக்கு அழகு.

கொழுந்தனாரை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். மகன் கல்யாணச் சேதி சந்தோஷம். பிள்ளை தங்கமானவன். யாரைக் கொண்டு பிறந்தானோ.

மீன் கேட்டிருந்தாய். தருகிறேன். என் டப்பில் பிறந்ததில் நானே பார்த்துப் பொறுக்கி ஆறு அனுப்புகிறேன். அடுத்த வாரம் என் மகன் அலுவலக வேலையாக உன் ஊருக்கு வருகிறான். பையோடு கொண்டுவந்து தருவான். பையை உடனே அவிழ்த்துக் கொட்டிவிடாதே. பையோடு தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு ஒன்றான பிறகு திற. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதே, பிடித்து ஒரு நாள் வைத்து ஊற்று. தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பாய். கழுவினாய்தானே? நாலு தடவை வெறும் தண்ணீர் விட்டு அலசு.

இவை சாதுவான மீன்கள். ஒன்றின் வாலை ஒன்று கடிக்காது. கூட்டமாக இருந்தால் சந்தோஷமாக இருக்கும். மனிதர்களைப் போல இல்லை.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 21
மூத்தவள் தன் உடன்பிறந்த தங்கைக்கு

என் கூடப்பிறந்தவளுக்கு,

உன் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறாயா? இந்தக் கடிதத்தை உன் மருமகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. கட்டு அவிழ்த்ததும் நீயே வாசி, வாசித்துவிட்டுக் கிழித்துப் போடு.

என் ஓரகத்தி எழுதிவிட்டாள். எழுதுவாள் என்று தெரியும், இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது.

அன்றைக்கு நான் பிரசவம் பார்த்துவிட்டு வந்து கதவைத் திறந்தேன். கூடத்தில் தொட்டி நின்ற இடத்தில் தரை மட்டும் நீளமாக வெளுத்துக் கிடந்தது. மீன்கள் பின்கட்டில், துணி ஊறவைக்கிற நீல டப்பில். உன் அத்தான் கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் ஊருக்கெல்லாம் ஜன்னல் அறுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தத் தொட்டிக்குக் கண்ணாடி அறுப்பார். விளிம்பை உப்புத்தாள் போட்டு என் கை பட்டால் கீறாத அளவுக்குத் தேய்த்தார். பசை காயும்வரை வீட்டில் யாரையும் அதிர்ந்து நடக்கவிடவில்லை. அவர் போனபின் எனக்கு இருந்தது அது ஒன்றுதான். படம் மாட்டியிருக்கிறோம், சரி. படம் அவர் செய்தது இல்லையே.

எதிர் வீட்டுக்காரி வந்து சொன்னாள். "ஏக்கா, லாரியில ஏத்துறப்ப நான் கேட்டேன், மூத்தவங்களுக்குத் தெரியுமான்னு. அதுக்கு உங்க ஓரகத்தி என்ன சொன்னா தெரியுமா? அஞ்சாவது படிச்சவங்களுக்கு மோட்டாரு, பில்டரு எல்லாம் பாத்துக்க வருமா, அதான் நாங்களே எடுத்துட்டுப் போறோம்கிறா."

அஞ்சாவதுதான் படித்தேன். அந்த அஞ்சு வகுப்பிலும் முதலாவதாக வந்தவள் நான்.

இப்போது அவளுக்குச் சிவப்பு மீன் வேண்டுமாம், சம்பந்திக்குக் காட்ட. உனக்குத் தெரியாது, சொல்கிறேன். இந்தச் செர்ரி மீனில் சிவப்பது ஆண் மட்டும். பெண் பிறந்ததிலிருந்து சாகும்வரை பழுப்பு. பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான் அதன் அலங்காரம். நான் ஆறையும் பெண்ணாகவே பிடித்து அனுப்பப்போகிறேன். "எப்பக்கா செவக்கும்?" என்று கேட்பாள். பொறு என்பேன். பொறுத்துக்கொண்டே இருக்கட்டும். சம்பந்தி வந்து உட்கார்ந்து காபியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்க்கட்டும்.

இங்கே டப்பில் ஒரு ஆண் இருக்கிறான். மேஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறேன். கடிக்கமாட்டான், ஆனால் எதிரே வந்த எவனையும் மூலைக்கு விரட்டாமல் விடமாட்டான். டப் முழுக்க அவன் அதிகாரம்தான். அவனைப் பார்த்தால் அவளுக்குக் கண் நிறைந்துவிடும். அவன் வால் நுனியைக்கூட அவள் பார்க்க முடியாது.

நோய் பிடித்த மீனை அனுப்பலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று விட்டேன். மீன் என்ன பாவம் செய்தது? போக வேண்டியது அவள் மானம்தான்.

உன் அக்கா


மார்ச் 15
இளையவள் மூத்தவளுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் சொன்ன ஒத்தடம் கொடுத்ததில் உங்கள் கொழுந்தனார் இப்போது படியைத் திட்டுவதை விட்டுவிட்டார். என்னை இன்னும் விடவில்லை.

மீன்கள் ஆறும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நீங்கள் எழுதியபடியே பையை மிதக்கவிட்டுத்தான் திறந்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி ரொம்ப சாது. ஆனால் எல்லாம் ஒரு ஓரமாக ஒதுங்கியே நிற்கின்றன. தொட்டியை நான் நன்றாகத்தான் அலங்காரம் பண்ணியிருக்கிறேன். கீழே வெள்ளைக் கூழாங்கல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோட்டை, மேலே நீளமான குழல் விளக்கு. பளிச்சென்று இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். எல்லாம் பழுப்பாக இருக்கின்றனவே, எப்போது அக்கா சிவக்கும்?

உங்கள்,
சின்னவள்


ஏப்ரல் 4
மூத்தவள் இளையவளுக்கு

சின்னவளுக்கு,

நான் நலம். இதுதான் நீ கேட்ட ஒரு வரி.

சிவக்க வேண்டியது சிவக்கும். பொறு. நீ ஆபீசில் தட்டச்சு அடித்துப் பழகியவள். விசையைத் தட்டினால் எழுத்து விழுகிற மாதிரி மீனுக்கு நிறம் விழாது. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்று. வேறொன்றும் செய்யாதே.

சம்பந்தி வீட்டார் வந்துபோன பிறகு விவரமாக எழுது. யார் யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், என்ன சொன்னார்கள், ஒன்றையும் விடாதே. நான் வர முடியாத குறை எழுத்தில் தீரட்டும்.

அக்கா


மே 11
இளையவள் மூத்தவளுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் வணக்கம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தை வாசிக்கும் முன் மாத்திரை சாப்பிட்டுவிடுங்கள்.

விவரமாக எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். பெண், பெண்ணின் அம்மா, அப்பா, ஒரு அத்தை வந்தார்கள். பெண் நல்ல மாதிரி. அம்மாவும் அத்தையும் சோபாவில் உட்கார்ந்தார்கள். பெண்ணின் அப்பா உட்காரவே இல்லை. நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அவரும் வீட்டில் மீன் வளர்க்கிறாராம்.

"என்ன மீனுங்க இது?" என்றார்.

"செர்ரி பார்ப்" என்றேன்.

"செர்ரியா? ஒண்ணுகூடச் செவப்பா இல்லியே! எல்லாம் சாக்குப்பை கலர்ல இருக்கு. எந்தக் கடையில வாங்கினீங்க?"

"கடையில இல்லீங்க. எங்க மூத்த ஓரகத்தி குடுத்தாங்க. ரொம்ப வருஷமா மீன் வளக்கறாங்க."

அவர் குனிந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரொம்ப வருஷமா வளத்தும் ஒரு செர்ரியைச் செவக்க வைக்கத் தெரியலையா அவங்களுக்கு? பாவம், ஆசைக்கு வளக்கறாங்க போல. இதெல்லாம் ஒரு கலைங்க, எல்லார்க்கும் வராது."

அத்தைக்காரி வேறு, "பெரியவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?" என்றாள்.

எனக்கு உங்களை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அவங்க அஞ்சாவதுதான் படிச்சிருக்காங்க, ஆனா மனசு தங்கம்" என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மற்றபடி எல்லாம் நல்லபடி முடிந்தது. கல்யாணத்தை டிசம்பரில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

உங்கள்,
சின்னவள்


மே 14
மூத்தவள் இளையவளுக்கு

சின்னவளுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை.

அந்த மனிதரிடம் சொல். என் கூடத்தில் அந்தத் தொட்டி நின்ற காலத்தில், கண்ணாடிக் கடை முதலாளி குடும்பத்தோடு வந்து அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுப் போவார். தெருவில் போகிறவர்கள் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்ப்பார்கள். ஆசைக்கு வளர்க்கிறேனாம்! கலையாம்! அவர் வீட்டு மீனை எனக்குக் காட்டச் சொல், எத்தனை நாளாகத் தண்ணீர் மாற்றவில்லை என்று பார்த்தவுடன் சொல்கிறேன்.

மீனை எவள் அனுப்பினால் என்ன, நீ வைத்திருக்கிற இடத்தில் எது சிவக்கும்? அடியில் வெள்ளைக் கல், மேலே கல்யாண மண்டபம் மாதிரி விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஒளிய இடமில்லாமல் நின்றால் உனக்கே முகம் வெளுத்துப் போகும். கேட்டுக்கொள், ஒன்றையும் விடாதே.

வெள்ளைக் கல்லை அள்ளி எறி. கறுப்பு மணல் போடு. கீழே இருட்டாக இருந்தால்தான் மேலே நிறம் ஏறும். அந்தக் கோட்டையைக் குப்பையில் போடு. ஊறப்போட்டுத் தானாகவே மூழ்கின மரக்கட்டை ஒன்றைப் படுக்கவை. பாசியை வாங்கி அதன்மேல் நூலால் கட்டு, அடர்த்தியாக. மேலே மிதக்கிற செடி போடு, பாதி வெளிச்சத்தை அது தின்னட்டும். தீனி என்று டப்பாவில் விற்கிற தவிட்டை மட்டும் போட்டுக்கொண்டிருக்காதே. வாரத்தில் மூன்று நாளாவது உயிருள்ள புழு போடு. மாடியில் ஒரு வாளியில் தண்ணீரை விட்டு வை, கொசுவே வந்து சமைத்துக் கொடுத்துவிட்டுப் போகும், வடிகட்டியால் அள்ளிக்கொள். கொஞ்சமாகப் போடு. வயிறு முட்டப் போடுவது அன்பு இல்லை.

பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதே. தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து அதிலேயே பிழி. அந்த அழுக்கில்தான் தொட்டியின் உயிர் இருக்கிறது.

இவ்வளவையும் செய். என் மகன் அடுத்த தடவை வரும்போது என் டப்பிலிருந்து சிவந்தவனாகவே இரண்டு பேரை அனுப்புகிறேன். அதற்குள் தொட்டி தயாராக இருக்கட்டும். பிறகு அந்த மனிதரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்து. உனக்காக இல்லை. அதை மனதில் வை.

அக்கா


ஜூலை 22
இளையவள் மூத்தவளுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் நலனையே நினைத்துக்கொண்டிருக்கும் சின்னவளின் வணக்கம். மகனை அனுப்ப வேண்டாம். மீனும் வேண்டாம். ஒருவன் சிவந்துவிட்டான்!

நீங்கள் எழுதியதை ஒரு வரி விடாமல் செய்தேன். கறுப்பு மணல், கட்டை, பாசி, மிதக்கும் செடி, மாடியில் வாளி. கொசுப் புழுவை வடிகட்டியில் அள்ளிக்கொண்டு வந்த அன்றைக்கு உங்கள் கொழுந்தனார், "காபி வடிகட்டியா அது?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒருவனுக்கு வாலோரம் லேசாகச் சூடேறின மாதிரி இருந்தது. விளக்கு வெளிச்சமோ என்று நினைத்தேன். பிறகு வயிறு. பிறகு துடுப்பு. இப்போது மூக்கிலிருந்து வால் வரை, அடுப்புக் கங்கை ஊதிவிட்ட மாதிரி இருக்கிறான். துடுப்பை விரித்துக்கொண்டு மற்ற ஐந்து பேரையும் சுற்றிச் சுற்றி வருகிறான். பாசிக்குப் பக்கத்தில் போய் நடுங்கிக் காட்டுகிறான்.

சம்பந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அடேயப்பா" என்றார். "உங்க ஓரகத்திகிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

சிவக்க வேண்டியது சிவக்கும் என்று நீங்கள் எழுதியபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பொறுக்கி எடுத்த உங்கள் கைக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? எனக்கு இவ்வளவு நல்லது நினைக்க உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

என்றும் நன்றியுள்ள,
சின்னவள்


ஜூலை 26
மூத்தவள் இளையவளுக்கு

சின்னவளுக்கு,

உன் நன்றியைத் திருப்பி அனுப்புகிறேன். வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை.

நான் உனக்கு நல்லது நினைக்கவில்லை. கெட்டதுதான் நினைத்தேன், உட்கார்ந்து யோசித்து நினைத்தேன். ஆறும் பெண்ணாகத்தான் பிடித்தேன். ஒருநாளும் சிவக்காதவை. உன் சம்பந்தி முன்னால் நீ தலைகுனிய வேண்டும் என்றுதான் அனுப்பினேன். அது நடக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் செய்யாத நல்லதுக்கு நன்றி வாங்கிக்கொண்டு நான் தூங்கமாட்டேன். நான் செய்தது கெடுதல்தான் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

என் கை எப்படித் தவறியது என்று உன் கடிதத்தை வாசித்ததும் டப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். டப்பில் மேலிருந்துதான் பார்க்க முடியும். முதுகுதான் தெரியும். பெண்ணுக்கு வயிறு உருண்டை, ஆணுக்கு ஒட்டின வயிறு. அது பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். இந்த மேஸ்திரிக்குப் பயந்து நிறத்தை அடக்கிக்கொண்டு, பழுப்போடு பழுப்பாக ஒருவன் இத்தனை நாள் என் கண்ணுக்குக் கீழேயே ஒளிந்திருந்திருக்கிறான். பக்கவாட்டில் பார்க்க ஒரு கண்ணாடி இருந்திருந்தால் அவனை அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன்.

அந்தக் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

தொட்டியை அனுப்பு. இனி மறைத்துப் பேச ஒன்றுமில்லை. அது என் வீட்டுக்காரர் எனக்குச் செய்தது. தம்பிக்கு அண்ணன் ஞாபகம் வேண்டுமென்றால் அண்ணன் போட்டுக் கிழிந்த சட்டை ஒன்று இருக்கிறது, அனுப்புகிறேன்.

அக்கா


செப்டம்பர் 30
இளையவள் மூத்தவளுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார எழுதுகிறேன். மற்றதையும் மனதாரத்தான் எழுதப்போகிறேன். இரண்டு மாதமாக எழுதிக் கிழித்துக் கிழித்து மிஞ்சினது இது.

எனக்குத் தெரியும் அக்கா. மீன் வந்த வாரமே தெரியும். கறுப்புக் கோடு இருக்கிறதே, நோயோ என்று பயந்து ஒன்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "பொண்ணுங்க இது. மத்ததும் இப்படித்தானா?" என்றார். வீட்டுக்கே வந்து பார்த்தார். ஆறையும் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "குடுத்தவங்களுக்கு உங்க மேல என்னம்மா கோவம்?"

சிவந்ததில் இரண்டை அவர் கடையிலேயே வாங்கிவிட்டிருக்கலாம். வாங்கவில்லை. உங்கள் ஆறையும் அப்படியே சம்பந்தி முன்னால் வைத்து, என் மூத்த ஓரகத்தி கொடுத்தது என்று உரக்கச் சொன்னேன். தலை குனிய வேண்டியது யார் என்று ஒரு கை பார்க்கலாம் என்று தோன்றியது. உங்களுக்குக் கோபம் வந்தால் உண்மை முழுவதும் வெளியே கொட்டிவிடும் என்றும் தெரியும். கொட்டியது. நான் கேட்டிருந்தால் கறுப்பு மணல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்களா?

அந்த ஒருவன்தான் உங்களையும் ஏமாற்றிவிட்டான், கடைக்காரரையும் ஏமாற்றிவிட்டான், என்னையும் ஏமாற்றிவிட்டான். மேஸ்திரி இல்லாத இடத்துக்கு வந்ததும் சிவந்துவிட்டான். அதற்கு மேல் நான் எழுதவில்லை.

தொட்டியை ஏன் எடுத்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த புதிதில், தொட்டிக்குப் பக்கத்தில் போனேன். "தள்ளி நில்லு, உன் கை வாசம் மீனுக்கு ஆகாது" என்றீர்கள். அத்தனை வருஷமும் தள்ளியே நின்றேன். தீனி டப்பா அலமாரியில், அலமாரிச் சாவி உங்கள் இடுப்பில். பெரியவர் போன அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். யாரும் மீனைக் கவனிக்கவில்லை. அலமாரி திறந்து கிடந்தது. நான் டப்பாவை எடுத்து ஒரே ஒரு சிட்டிகை போடப் போனேன். அழுதுகொண்டிருந்த நீங்கள் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க, என் கையிலிருந்து அதைப் பிடுங்கினீர்கள். பிடுங்கிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்து அழுதீர்கள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தத் தொட்டி ஒருநாள் என் வீட்டில் இருக்கும் என்று. எதிர் வீட்டுக்காரியிடம் அஞ்சாவது என்று சொன்னதும் நான்தான். உங்கள் காதுக்கு வர வேண்டும் என்றே சொன்னேன்.

ஆனால் ஒன்று. மீன்களை நான் கொட்டிவிட்டுப் போகவில்லை. தொட்டியின் பழைய தண்ணீரிலேயே டப்பை நிரப்பினேன். பில்டர் ஸ்பாஞ்சை எடுத்து அதில் போட்டேன். அது இல்லாமல்தான் இங்கே வந்து நான் விட்ட மீனெல்லாம் செத்தது. நீங்கள் திரும்பி வரும்வரை அவை எப்படி உயிரோடு இருந்தன, டப்பில் அந்த ஸ்பாஞ்ச் எப்படி வந்தது என்று ஒருநாளாவது நினைத்தீர்களா?

தொட்டியைத் தரமாட்டேன். பாசிக்குள் குஞ்சு இருக்கிறது. கண்ணும் வாலும்தான் தெரிகிறது, நடுவில் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டுமென்றால் வந்து பாருங்கள்.

சின்னவள்


நவம்பர் 2
மூத்தவள் இளையவளுக்கு

சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம். பேத்தி நடக்கிறாள். கொழுந்தனாருக்குக் குளிர் காலத்தில் முழங்கால் பிடிக்கும், கம்பளித் துணி சுற்றச் சொல்.

ஸ்பாஞ்சைப் பற்றி எழுதியிருந்தாய். வாசித்தேன்.

பெரியவர் போன அன்றைக்கு நடந்ததைப் பற்றியும் எழுதியிருந்தாய். அதையும் வாசித்தேன்.

குஞ்சுக்கு இப்போது என்ன தீனி போடுகிறாய்? இவை அடுத்தடுத்துப் பொரித்துக்கொண்டே இருக்கும், புதுக் குஞ்சின் வாயில் புழு நுழையாது. வெயிலில் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துப் பச்சை பிடிக்கவை. அந்தப் பச்சைத் தண்ணீரைத்தான் முதலில் குடிக்கும். பெரியவை குஞ்சைத் தின்றுவிடும், பெற்றது என்று பார்க்காது. பாசியோடு அள்ளி வேறு கிண்ணத்தில் வை. இதை நீ கேட்காமலே சொல்கிறேன் என்பதைக் கவனித்துக்கொள்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு வர ஆள் பேசியிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முட்டையும் குஞ்சுமாக இருக்கிற தொட்டியை அசைப்பவள் நான் இல்லை. அது உன் பழக்கம். அங்கேயே இருக்கட்டும்.

ஆனால் நான் வருகிறேன். கல்யாணத்துக்கு வருகிற கூட்டத்தோடு இல்லை, இந்த ஞாயிற்றுக்கிழமையே. தொட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு வை. ஒன்று போதும். அதில் நான் உட்கார்ந்து, என் கையால் அவனுக்குத் தீனி போடுவேன். நீ பக்கத்தில் நின்று பார்.

அக்கா


நவம்பர் 5
இளையவள் மூத்தவளுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வாருங்கள். பஸ் நிலையத்துக்கு உங்கள் கொழுந்தனார் கம்பளி சுற்றிய காலோடு வந்து நிற்பார்.

நாற்காலி போட்டுவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காத பக்கமாகத்தான் போட்டிருக்கிறேன்.

தீனி டப்பா அலமாரியில் இருக்கிறது. அலமாரி பூட்டியிருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது.

கேளுங்கள், தருகிறேன்.

சின்னவள்